வரியும் கட்டி, எல்லாத்துக்கும் மறுபடி காசும் கட்டணுமா? (ஜோபர்க்கா, மொரிஷியஸா, ஊருக்கேவா)

காவிரிக்கரை_மிட்ராண்ட்:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் நான், இங்க தென்னாப்பிரிக்காவுக்கு, ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் வந்து ஆறு வருஷம் ஆச்சு, ஐடி வேலை, வைஃப், ரெண்டு பசங்க. போன வாரம் ராத்திரி தூக்கம் வராம பே ஸ்லிப்ப எடுத்து வச்சு கணக்கு போட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு. மாசம் 70,000 ரேண்ட். 2025 ஸ்லாப் படி வருமான வரி மட்டும் கிட்டத்தட்ட 17,700 போகுது, அதுவும் நாலு பேருக்கு மெடிக்கல் கிரெடிட் (மருத்துவக் காப்பீட்டுக்காக குடுக்கற வரிச்சலுகை) கழிச்ச பிறகு. சரி, நாடுன்னா வரி இருக்கும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. வயித்தெரிச்சல் அதுக்கு அப்புறம்தான். மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) தனி, ஸ்கூல் ஃபீஸ் தனி, குடியிருப்புக்கு மாசாமாசம் கட்ற காம்ப்ளெக்ஸ் லெவி தனி (பாதிக்கு மேல செக்யூரிட்டிக்கே போகுது). லோட்ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் கட் பண்றது) உச்சத்துல இருந்தப்ப 2023ல கடன் வாங்கி இன்வெர்ட்டர் போட்டேன், இப்ப கரண்ட் ஒழுங்கா வருது, கடன் மட்டும் முடியல. தண்ணி எப்ப நிக்கும்னு தெரியாததால கொல்லப்பக்கம் 2,500 லிட்டர் ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தண்ணித்தொட்டி), அதுக்கு ஒரு பம்ப் வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு எவனாவது பாத்ரூம் போனா அந்த பம்ப் டுர்ர்ர்னு ஓடும் பாருங்க, ஒவ்வொரு தடவையும் 17,700 ஞாபகம் வருது.

மொரிஷியஸ்ல ஃப்ரெண்ட் ஒருத்தன் வரி கம்மி வந்துருங்கறான். மாமனார், ஊர்ல 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையாமே, எதுக்குப்பா அங்க கெடந்து கஷ்டப்படறன்னு கேக்கறாரு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. "பணம் மட்டும் வாழ்க்கை இல்ல தம்பி" டைப் பதில் வேணாம் ப்ளீஸ்.

ரேண்ட்பர்க்_கணக்குப்புள்ள:
தம்பி உங்க கணக்கு சரி, ஆனா பாதிலயே நிறுத்திட்டீங்க. 2024லயும் சரி 2025லயும் சரி, ஸ்லாப்ப விலைவாசிக்கு ஏத்தாப்ல ஏத்தல, அப்படியே விட்டுட்டாங்க. சம்பளம் அஞ்சு பர்சன்ட் ஏறினா விலைவாசியும் அதே அளவு ஏறிருக்கும், ஆனா வரி மட்டும் மேல் ஸ்லாப்புக்கு தாவும். வரிய ஏத்தினோம்னு யாரும் பார்லிமெண்ட்ல நின்னு சொல்ல வேண்டியதே இல்ல. 2025ல வாட் (பொருள் வாங்கறப்ப கட்ற வரி) கதை நடந்துச்சே, பிப்ரவரி பட்ஜெட்டே தள்ளிப்போச்சு, ரெண்டு பர்சன்ட் ஏத்தறோம்ன்னாங்க, அப்புறம் ரெண்டு தவணையா அரை அரை பர்சன்ட்ன்னாங்க, கூட்டணிக்குள்ளயே சண்டை, கோர்ட்டு, கடைசியா ஏப்ரல்ல வாபஸ், வாட் 15லயே நின்னுச்சு. எல்லாரும் கைதட்டினோம். ஜூன்ல பெட்ரோல் மேல போடற வரி லிட்டருக்கு 16 சென்ட் ஏறுச்சு, அதுக்கு சத்தத்தையே காணோம்.

இன்னொண்ணு, அரசாங்கத்துக்கு வர்ற ஒவ்வொரு ரேண்ட்லயும் ஏறக்குறைய 22 சென்ட் பழைய கடனுக்கு வட்டியாவே போகுது. அந்தக் காசுல ரோடும் வராது டாக்டரும் வரமாட்டாரு. இங்க வரிவீதம் சில ஐரோப்பா நாட்டு அளவுக்கு இருந்தும் கைக்கு ஒண்ணும் வராத மாதிரி இருக்கறதுக்கு அது ஒரு காரணம், திருட்டு இன்னொரு காரணம், அத நான் சொல்லித்தான் தெரியணுமா.

நான் க்ளையன்டுங்களுக்கு சொல்றது ஒண்ணே ஒண்ணு. வரி எத்தன பர்சன்ட்ன்னு பாக்காதீங்க, வரியோட சேத்து, அரசாங்கம் செய்யவேண்டியத நீங்க காசு குடுத்து வாங்கறது எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க. அதுதான் நீங்க நிஜமா கட்ற வரி. எந்த ஊருக்குப் போனாலும் இதே கூட்டல போடுங்க.

பம்பரக்கட்டை:
எங்க ஏரியால ரோபோட் (ட்ராஃபிக் சிக்னல இங்க அப்படித்தான் சொல்வாங்க) வேலை செய்யலன்னா ட்ராஃபிக்க ஒழுங்குபண்றது இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு, இல்லன்னா பாதுகாப்பு சட்டைய எங்கயோ புடிச்சு மாட்டிக்கிட்டு வர்ற வேலையில்லாத அண்ணன். ஜோபர்க்ல ரோட்டுக் குழிய அடைக்கறதுக்குக்கூட இன்சூரன்ஸ் கம்பெனி வண்டி வந்துச்சு. வரிய நேரா அவங்களுக்கே கட்டிடலாமான்னு கேட்டா வீட்ல அடிக்க வர்றாங்க.

எபென்_சாம்பார்:
நான் மொரிஷியஸ்ல எபென் சைபர்சிட்டில வேலை பாக்கறேன், ஊரு மதுரை. உங்க ஃப்ரெண்ட் சொன்னது பொய் இல்ல, ஆனா மீதிக்கதைய நான் சொல்றேன். 2025 ஜூலைல இருந்து வருஷத்துக்கு முதல் 5 லட்சம் மொரிஷியஸ் ரூபாய்க்கு வரி இல்ல, அடுத்த 5 லட்சத்துக்கு 10, அதுக்கு மேல 20 பர்சன்ட். இதுக்கு என்ன குடுக்கறாங்கன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம், ஸ்கூல் இலவசம், 2019ல இருந்து அரசு காலேஜ்ல டிகிரியும் இலவசம், படிக்கிற பசங்களுக்கும் வயசானவங்களுக்கும் 2005ல இருந்து பஸ்ஸே இலவசம். காலைல பஸ்ஸுல பாதிப்பேர் டிக்கெட் எடுக்காத பாட்டிங்கதான், அவங்க சந்தைக்குப் போற கூடைய தாண்டி நாம இறங்கறதுக்குள்ள ஆபீஸ் ஸ்டாப் போயிடும். ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு, காவடிக்கு நாட்டுக்கே லீவு. வந்த புதுசுல அந்த நோட்ட செலவு பண்ணவே மனசு வரல எனக்கு.

ஆனா அண்ணே, இதுக்கெல்லாம் காசு எங்கிருந்து வருது? வாட் இங்கயும் 15. தீவுங்கறதால முக்கால்வாசி சாமான் கப்பல்ல வரணும், உளுந்து விலைய கேட்டா இட்லி ஆசையே போயிடும். கையில வர்ற சம்பளமும் ஜோபர்க் சம்பளம் மாதிரி இருக்காது. 2025 பட்ஜெட்ல பென்ஷன் வயச 60ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா 65 ஆக்கறோம்ன்னாங்க, ஜனம் தெருவுக்கு வந்துருச்சு. இலவசம்னு ஒருதடவ குடுத்தத திருப்பி வாங்கறது புலிவால புடிச்ச கதைதான். பசங்களுக்கு ஃப்ரெஞ்ச் வேணும், அத முதல்ல யோசிங்க.

சாட்ஸ்வர்த்_தாத்தா:
தம்பிமாரே, நான் தென்னாப்பிரிக்காவுலேயே பொறந்தவன், தமிழ் கோயில் வகுப்புல படிச்சது, பிழை இருந்தா பொறுத்துக்குங்க. வரின்னு சொன்னா எங்க குடும்பத்துல முதல்ல வர்ற சொல்லு மூணு பவுன் (வெள்ளைக்காரன் காசு, நகை இல்ல). தோட்டத்துல அஞ்சு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சவன் நேட்டால்ல (டர்பன் இருக்கற மாகாணம்) இருக்கணும்னா வருஷம் மூணு பவுன் தலைவரி கட்டணும்னு 1895ல சட்டம் போட்டான் வெள்ளைக்காரன். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாசம் பத்து ஷில்லிங். மூணு பவுன்னா அறுபது ஷில்லிங், ஆறு மாசச் சம்பளம்! பின்னாடி 16 வயசு ஆம்பளப்பிள்ளைக்கும் 13 வயசு பெண்பிள்ளைக்கும் அதே வரி. அதுக்குப் பதிலா ரோடு குடுத்தானா பள்ளிக்கூடம் குடுத்தானா? ஒண்ணும் இல்ல. காசு வாங்கறதுக்கா போட்டான்? கட்ட முடியாம திரும்ப ஒப்பந்தத்துக்குப் போகட்டும், இல்ல கப்பலேறட்டும்னு போட்ட வரி அது. 1913ல வேலைநிறுத்தம், தில்லையாடி வள்ளியம்மை ஜெயில்ல இருந்து காய்ச்சலோட வந்து செத்துச்சு, 1914லதான் அந்த வரிய எடுத்தான்.

அதுக்கப்புறமும் பள்ளிக்கூடம் நம்மாளுங்க வீடு வீடா வசூல் பண்ணி பாதிக்காசு போட்டா சர்க்கார் பாதி போடும், அப்படித்தான் டர்பன்ல பல பள்ளிக்கூடம் எழும்புச்சு. எங்கம்மா வடை சுட்டு வித்து அதுக்குக் காசு குடுத்தாங்க. அதனால "ரெண்டு தடவ கட்றோம்"னு நீங்க சொன்னதும் எனக்கு சிரிப்பு வந்துட்டுது, கோவிச்சுக்காதீங்க. நாங்க மூணு தலைமுறையா ரெண்டு தடவ கட்டறவங்க.

பிரிட்டோரியா_செல்வி:
தாத்தா சொன்னத படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. அண்ணா, உங்க வரி உங்க வாசல் வழியா போகலங்கறதுக்காக எங்கயும் போகலன்னு ஆகாது. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மா பேரன வளக்கறாங்க, அந்த பையனுக்கு 2025ல மாசம் 560 ரேண்ட் கிரான்ட் (அரசாங்க உதவித்தொகை). பிரவுன் பிரெட்டுக்கு வாட் இல்ல வெள்ளை பிரெட்டுக்கு உண்டுங்கறதே அந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் பில்லையே பாக்கறதில்ல. கிரான்ட் வர்ற தேதி ஆனா முதல்ல ஸ்கூல் ஷூ, அப்புறம் மாவு, அப்புறம் பாரஃபின் (மண்ணெண்ணெய்), அந்த வரிசை மாறவே மாறாது. அதுக்காக நீங்க தண்ணி இல்லாம கெடக்கணும்னு நான் சொல்லல. திருடுனவன கேளுங்க, கிரான்ட்ட கேக்காதீங்க.

காவிரிக்கரை_மிட்ராண்ட்:
எல்லாருக்கும் நன்றி, தாத்தாவுக்கு தனியா ஒரு கும்பிடு. செல்வி, கிரான்ட்ட நான் ஒண்ணும் சொல்லலம்மா, ஆனா நீங்க சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு. கணக்குப்புள்ள அண்ணன் சொன்ன மாதிரி மூணு ஊருக்கும் கூட்டல் போட்டேன். திருச்சிக்கு போட்டப்பதான் கூத்து. வரி பூஜ்யம்னே வச்சுக்குவோம், கேன் தண்ணி, இன்வெர்ட்டர், போர் மோட்டார், தனியார் ஸ்கூலு, ஹெல்த் இன்சூரன்ஸ், எல்லாம் அப்பா ஏற்கனவே கட்டிக்கிட்டுதான் இருக்காரு, மாமனாருக்கு மட்டும் அது வரியா தெரியல. மொரிஷியஸ் கணக்குல ஜெயிக்குது, ஆனா பெரியவன் ஃப்ரெஞ்ச்ன்னதும் கதவ சாத்திக்கிட்டான். அவன் கிரேடு 7 முடியற வரைக்கும் இங்கயே.

சத்தம் வராத பம்ப் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

சாட்ஸ்வர்த்_தாத்தா:
பம்ப மாத்தாதீங்க, காசு கேடு. அடியில பழைய கார் டயர வெட்டி வைங்க.