புதுப்பிப்பு: தம்பியிடம் போர்ட்ஃபோலியோ பணம் வாங்கிய ஏஜென்சி

வெப் சீரிஸில் வேடம் தருவதாகச் சொல்லி, சென்னை சாலிகிராமத்தில் ஒரு ஏஜென்சி என் தம்பியிடம் போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்கக் காட்டும் படத்தொகுப்பு) போட்டோஷூட், ஆர்ட்டிஸ்ட் கார்டு என்று 35,000 ரூபாய் வாங்கியதை முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆனது என்று பலர் கேட்டீர்கள்.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். ஏஜென்சி அசையவில்லை. அப்புறம் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இது தெரியாமல்தான் எத்தனையோ பிள்ளைகள் பணத்தை விட்டுவிடுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். நோட்டீஸ் போனதும் 20,000 திரும்பி வந்தது. மீதிக்காக வழக்கு நடக்கிறது. பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும்தான் கைகொடுத்தன. தயவுசெய்து எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஒழுங்கான படக்குழு நடிக்க வருபவரிடம் பணம் கேட்காது. நடிகர்களுக்கு வாய்ப்பு பிடித்துத் தரும் கோ-ஆர்டினேட்டர்கள்கூட சம்பளம் வந்த பிறகுதான் கமிஷன் எடுப்பார்கள்.

பயிற்சி வேண்டுமென்றால், ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை மாதிரியான குழுக்களின் நாடகங்களை முதலில் போய்ப் பாருங்கள். சொல்லித் தருபவர்களின் வேலை மேடையிலேயே தெரிந்துவிடும். தம்பியும் இப்போது ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறான். தீர்ப்பு வந்ததும் எழுதுகிறேன்.