சனிக்கிழமை கார் பார்க்க ஆள் வருகிறார்

குழு: உறையூர் வீட்டார்

சேகர்: அனைவருக்கும் வணக்கம். அண்ணனின் டெஸ்லா ரோட்ஸ்டர் மின்சாரக் காரை 98,000 டாலருக்கு எடுத்துக்கொள்வதாக போர்ட்லாந்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் பார்க்க கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டுக்கு வருகிறார். மாத இறுதியில் அண்ணி அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே கார் நிறுத்த இடம் உண்டே தவிர சார்ஜ் போட வசதி கிடையாது. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் சொல்லிவிடுங்கள்.

ராஜம்: தலைத்திவசம் கூட முடியவில்லையே, சேகர்.

வருண்: விற்க வேண்டாம், மாமா.

சுந்தரம் சித்தப்பா: சார்ஜ் போடாவிட்டால் என்ன? உறை போட்டு மூடி வைக்கலாமே.

சேகர்: அப்படி வைக்க முடியாது, சித்தப்பா. இந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் ஏறத்தாழ 450 கிலோ எடையில் ஒரு பேட்டரிப் பெட்டி இருக்கும். ஆலையிலிருந்து வந்த பழைய பெட்டியில், மடிக்கணினிகளில் இருக்கும் வகையைச் சேர்ந்த 6,831 சிறு செல்கள் இருந்தன. 69 செல்கள் சேர்ந்து ஒரு கட்டு, 9 கட்டுகள் சேர்ந்து ஒரு தட்டு, அப்படி 11 தட்டுகள். கார் சும்மா நிற்கும்போதும் இவற்றைக் கண்காணிக்கும் மின்னணுச் சாதனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் பிளக்கைச் சொருகாமல் விட்டு செல்கள் அடியோடு வற்றிவிட்டால், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் எழுந்திருக்காது. பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். அதனால்தான் அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் காரை, நீண்ட நாள் நிறுத்திவைப்பதற்கான ஸ்டோரேஜ் நிலையில் வைத்துவிட்டு, பிளக் சொருகியிருக்கிறதா என்று விமான நிலையத்திலிருந்து எனக்கு இரண்டு முறை போன் செய்வார்.

ராஜம்: அம்மா மாத்திரை சாப்பிட்டாளா என்று என்னிடமும் அப்படித்தான் இரண்டு முறை கேட்பார்.

சுந்தரம் சித்தப்பா: கொதிகலனில் நூறு குழாய் நன்றாக இருந்தாலும், ஒன்று மெலிந்துவிட்டால் அந்த ஒன்றுக்காக மொத்த அழுத்தத்தையும் குறைத்துவிடுவோம். திருச்சி பெல் கொதிகலன் ஆலையில் முப்பது வருடம் அதைத்தான் பார்த்தேன். இதிலும் அப்படியா?

சேகர்: அதேதான், சித்தப்பா. எந்தக் கட்டு பலவீனமோ அதுவே மொத்தப் பெட்டியின் கொள்ளளவையும் நிர்ணயிக்கும். அதைக் காட்டும் எண்ணை ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்கள் சிஏசி என்பார்கள். ஆம்பியர் மணிக் கணக்கில் வரும், புதிய காரில் 160-ஐ ஒட்டி இருக்கும். அண்ணன் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அதைப் பச்சை மையில் டைரியில் குறித்து வந்தார். டைரி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இந்த 2010 மாடலை அவர் பழைய காராக 2013-இல் வாங்கியபோது 149 என்று எழுதியிருக்கிறார். 2016 தொடக்கத்தில் அது 137 ஆகிவிட்டது. புதிதில் ஒரு சார்ஜுக்கு 244 மைல் என்று சான்று பெற்ற கார், அப்போது 200 மைல் தொடுவதற்கே தயங்கியது.

கயல்விழி: தாஹோ ஏரிக்குப் போகும் வழியில் அப்பா ஏசியை அணைத்துவிட்டது அதற்கு முந்தைய கோடையில்தானே, சித்தப்பா?

சேகர்: ஆமாம், கயல். ஃப்ரீமான்டிலிருந்து அது சுமார் 200 மைல். கடைசியில் 7,000 அடிக்கு மேலான கணவாயையும் ஏறிக் கடக்க வேண்டும். அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் பெட்டியை மாற்றுவது என்று முடிவு செய்தார். 2014 டிசம்பரில் டெஸ்லா இந்தப் பழைய கார்களுக்கென்றே 3.0 என்ற மேம்பாட்டை அறிவித்தது. 53 கிலோவாட் மணிப் பெட்டியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சுமார் 70 கிலோவாட் மணிப் பெட்டியை வைப்பதாகச் சொன்னார்கள். அப்போது விலை 29,000 டாலர். பழைய வாடிக்கையாளர்களுக்காக லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே தருவதாகச் சொன்னார்கள். 2016-இல் அண்ணன் மாற்றினார். மறுமாதம் தாஹோ போய்ச் சேர்ந்தபோது நூறு மைலுக்கு மேல் மீதம் இருந்ததாக டைரியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ராஜம்: அந்த 29,000 டாலரை நான் மறக்கவில்லை. அந்த ஐப்பசியில்தான் உறையூர் வீடு ஒழுகி, அம்மாவின் கட்டிலை ஒரே இரவில் மூன்று முறை இடம் மாற்றிப் போட்டேன்.

சுந்தரம் சித்தப்பா: ராஜம், அது பழைய கதை.

ராஜம்: கட்டிலைத் தூக்கியவளுக்குப் பழைய கதை இல்லை, சித்தப்பா.

மீனாட்சி: ராஜம் சொல்வது உண்மைதான். ஓடு மாற்றப் பணம் அனுப்பச் சொல்லி நானே அவரிடம் பலமுறை சொன்னேன். அனுப்பினார், ஆனால் ஐந்து மாதம் தாமதமாக அனுப்பினார். அது தவறு என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

ராஜம்: இதை ஒருவராவது சொன்னீர்களே, அண்ணி. நன்றி.

வருண்: காரைத் திருச்சிக்கே கொண்டுவந்துவிட்டால் என்ன, மாமா?

சேகர்: வழியில்லை, வருண். பழைய காரை இந்தியாவுக்குள் இறக்குவதென்றால் அது தயாராகி மூன்று ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். இதற்குப் பதினைந்து வயதாகிவிட்டது, ஸ்டீயரிங் இடப்பக்கம்.

வருண்: இதை விற்றுவிட்டுப் புதிய ரோட்ஸ்டர் வாங்கலாமா?

சேகர்: 2017 நவம்பரில் அதை மேடையில் காட்டினார்கள், 2020-இல் வரும் என்றார்கள், இன்னும் யார் கைக்கும் வரவில்லை. அதற்கு 50,000 டாலர் முன்பணம் கட்டலாமா என்று அண்ணனும் ஒரு வாரம் யோசித்தார். கையில் இருப்பதே போதும் என்று விட்டுவிட்டார்.

சுந்தரம் சித்தப்பா: உன் அபிப்பிராயம் என்ன, சேகர்? அதைச் சொல்லவே இல்லையே.

சேகர்: விற்கலாம் என்பதுதான் என் எண்ணம், சித்தப்பா. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2008-க்கும் 2012-க்கும் இடையில் மொத்தமே சுமார் 2,450 ரோட்ஸ்டர்கள்தான் தயாராயின. உடற்பகுதி இங்கிலாந்தில் லோட்டஸ் ஆலையில் உருவாகி இங்கே வந்தது. வெளித் தகடுகள் கார்பன் இழையால் ஆனவை, ஒரு மூலை உடைந்தாலும் மாற்றுத் தகடு தேடி அலைய வேண்டும். சென்ற மாதம் பின்பக்கத்தைத் திறந்து, மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டியின் விசிறிகளைப் பார்த்தேன். தூசி சாம்பல் நிறக் கம்பளி போலப் படிந்திருந்தது. அதன் நடுவே அண்ணி வீட்டு வாசல் மரத்தின் காய்ந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று போகாவிட்டால் அந்தப் பெட்டி சூடேறி, கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அண்ணன் இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துவிடுவார். நான் ஒரு பணிமனைக்கு எடுத்துப் போனால், இந்த மாடல் தெரிந்தவர் ஒருவர்தான், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். 2023 நவம்பரில் இந்தக் காரின் பழுதுபார்ப்பு ஆவணங்களையும் சில சுற்றுப்பலகை வரைபடங்களையும் டெஸ்லா எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அவற்றைப் படித்துச் செய்யத் தெரிந்த கை வேண்டுமே. போர்ட்லாந்துக்காரர் மின்னணுப் பொறியாளர். ஏற்கெனவே ஒரு ரோட்ஸ்டர் வைத்திருக்கிறார். விலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே சிஏசி எவ்வளவு என்று கேட்டார். டைரியைப் பார்த்து, 3.0 பெட்டி வந்தபோது 215, இப்போது 194 என்று சொன்னேன்.

ராஜம்: டைரியைக் கொடுத்துவிடாதே.

சேகர்: கொடுக்க மாட்டேன், அக்கா. படம் பிடித்துத் தருகிறேன்.

கயல்விழி: என் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம்தான். அதுவரை உங்கள் வீட்டில் வைத்திருக்க முடியாதா, சித்தப்பா? செலவை நான் சம்பாதித்துத் தந்துவிடுகிறேன். அந்தக் காரில் இரண்டே இருக்கைகள். அம்மா ஏறினால் ஸ்டீயரிங்குக்குப் பவர் இல்லை, மணிக்கட்டு வலிக்கிறது என்பார். அதனால் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் எனக்குத்தான். லிவர்மோர் கோயிலில் பூஜை போட்ட அன்று, எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் எஞ்சின் இல்லாததால் தெளிவாகக் கேட்டது என்று எல்லோரும் சிரித்தோம். ராஜம் அத்தை கூட அப்போது இருந்தார்.

ராஜம்: இருந்தேன், கண்ணு. என்னை அதில் ஏற்றிவிட அண்ணன் ஒரு கையும் அர்ச்சகர் ஒரு கையும் பிடித்தார்கள். இறங்குவது அதைவிடச் சிரமமாக இருந்தது.

சேகர்: பணத்தால் ஆகிற காரியம் இல்லை, கயல். என் வீட்டில் 240 வோல்ட் இணைப்பு இருக்கிறது. மாதமாதம் எண்ணைக் குறிக்கவும் முடியும். ஏதாவது பழுதானால் எனக்குக் கை நடுங்கும், அவ்வளவுதான். என் பொறுப்பில் அந்தப் பேட்டரிப் பெட்டி செத்துப்போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சுந்தரம் சித்தப்பா: மீனாட்சி என்ன சொல்கிறாள்? கார் அவள் பெயரில்தானே இருக்கிறது.

மீனாட்சி: தினமும் இரவு தண்ணீர் குடிக்க எழும்போது கராஜ் கதவின் கீழ் இடுக்கில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். சார்ஜ் ஏறும்போது பிளக்கைச் சுற்றி எரிகிற விளக்கு அது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் அவர் வீடு வந்துவிட்டார் என்று நிம்மதியாகப் படுப்பேன். இப்போதும் ஒரு கணம் அப்படித்தான் நினைக்கிறேன், மாமா. அதனால் விற்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது, அதனாலேயே விற்கக் கூடாது என்று மறுநாள் தோன்றுகிறது.

கயல்விழி: அம்மா, நான் வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன்.

சேகர்: அப்படியானால் அவர் வந்து பார்க்கட்டும். அட்வான்ஸ் வாங்க வேண்டாம். தலைத்திவசம் முடிந்த பிறகு பதில் சொல்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை அவர் காத்திருப்பாரா என்று கேட்டுச் சொல்கிறேன். சரியா, அக்கா?

ராஜம்: திவசத்துக்கு அப்புறம் என்றால் சரி. விற்பதற்குச் சரி என்று நான் சொல்லவில்லை.

வருண்: என் ஓட்டு இன்னும் வேண்டாம் என்பதுதான்.

மீனாட்சி: தம்பி, சனிக்கிழமை காலை அவர் வருவதற்கு முன் கயல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். சார்ஜை ஏற்றி வையுங்கள்.

சேகர்: இன்று இரவே வழக்கமாக ஓட்டுவதற்கான ஸ்டாண்டர்டு நிலைக்கு மாற்றிவிடுகிறேன், அண்ணி. டயர் காற்றையும் பார்த்துவிடுகிறேன்.

சுந்தரம் சித்தப்பா: 194-ஐ யார் கடைசியாகக் குறித்தது?

சேகர்: நான்தான், சித்தப்பா. பச்சைப் பேனாவிலேயே.