தாதியாக வேலை செய்துகொண்டு சுகாதார சேவை முகாமைத்துவம் படிக்கலாமா?

எழுவான்கரை மிஸ்:
வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மருத்துவ வாட்டில் 11 வருடமாகத் தாதி உத்தியோகத்தராக இருக்கிறேன். டிப்ளோமாவோடு வேலைக்கு வந்தேன். பிறகு கைக்குழந்தையை வைத்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் முடித்தேன். இப்போது சுகாதார சேவை முகாமைத்துவத்தில் முதுமாணி படிக்க ஆசை. வகுப்பு சனி, ஞாயிறு கொழும்பில். வெள்ளி இரவு பஸ் ஏறவேண்டும். வீட்டுக்காரர் ஓம் என்கிறார். மாமிதான், "இருக்கிற வேலை போதாதா பிள்ளை?" என்று கேட்கிறா. பிள்ளைகள் இருவரையும் அவதான் பார்க்கவேணும் என்பதால் அவ கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பதவி உயர்வுக்காகக் கேட்கவில்லை. மாரிமழையோடு டெங்கு கூடினால் எங்கள் வாட்டில் ஆட்கள் தரையில் பாய் போட்டுக் கிடக்கிறார்கள். முழங்காலில் இருந்துதான் சேலைன் ஏற்றுவோம். இந்தப் படிப்பு அதற்கு ஏதும் வழி காட்டுமா? இல்லை, பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் உதவும் படிப்பா?

அக்கரைப்பற்று மருந்தாளர்:
தங்கச்சி, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீங்க என்று முதலில் வடிவாகப் பாருங்க. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனமான பிஜிஐஎம் நடத்தும் மருத்துவ நிர்வாக முதுமாணி டொக்டர்மாருக்கு உரியது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் என்னோடு வேலை செய்த ஒருவர் அந்தப் படிவத்துக்கு இரண்டு மாதம் அலைந்தார்.

லீவு விசயத்துக்கு, அரச ஊழியர்களுக்கான விதிகள் உள்ள தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயத்தை நீங்களே வாசியுங்க. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் வரும். மாகாண ஆஸ்பத்திரி என்றால் கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை வழியாகப் போகும். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் அந்தப் பணிமனை அம்பாறையில் ஒன்று, கல்முனையில் ஒன்று. மாறிக் கொடுத்தால் கடிதம் அங்கேயே கிடக்கும்.

வாட்டுச் சிஸ்டர்:
மகள், நான் அதைப் படித்தவள். 44 வயதில் தொடங்கினேன். பாடமெல்லாம் ஆங்கிலம். முதல் ஒப்படை முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தபோது விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். பொருளியல் பாடம் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. புள்ளிவிபரம்தான் கண்ணைத் திறந்தது.

உங்கள் பாய்க் கதையைத்தான் நான் ஆய்வாக எடுத்தேன். எங்கள் வாட்டில் கட்டில் 32. 30 நாளுக்குப் பெருக்கினால் 960. இரவு இரவாக நாங்கள் எழுதும் நோயாளர் கணக்கைக் கூட்டினேன், அந்த மாதம் 1104. அதாவது 115 வீதம். தினமும் சராசரியாக ஐந்து பேர் தரையில். வருடக்கணக்காக அந்தப் புத்தகத்தை எழுதினேன், ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

அந்த மாதம் வீடு போனவர்கள் 276 பேர். சராசரியாக ஆளுக்கு நான்கு நாள். சரி, இதை எப்படிக் குறைப்பது? நோயாளர்களின் கட்டில் டிக்கெட்டை, அதாவது சிகிச்சைக் குறிப்பேட்டை, எல்லாம் புரட்டினேன். காலை ரவுண்டில் துண்டு வெட்டியும், அதாவது வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லியும், அன்றிரவும் வாட்டிலேயே படுத்தவர்கள் 60 பேர்! வீடு போகும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டை (நோய், சிகிச்சை விபரம்) எழுதி முடியப் பின்னேரம் ஆகும். மருந்து எடுத்து வரும்போது, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது பெரிய உதவிதான், ஆனால் பஸ் இல்லாமல் ஏலாத மனுசர் பாலத்தில் நடப்பதா? 60 இரவு என்றால் நாளுக்கு இரண்டு கட்டில். தரையில் கிடந்த ஐந்து பேரில் இருவருக்கு அது போதும், ஒரு சதம் செலவில்லை.

மறுகா, நாளைக்கு யார் போகலாம் என்று முதல்நாள் பின்னேரமே பட்டியல் போட்டோம். படுவான்கரை ஆட்களின் கார்ட் முதலில். தரை முழுக்க வெறுமையாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். டெங்கு உச்சத்தில் அதுவும் போதாது. ஆனால் மற்ற மாதங்களில் பாய் குறைந்ததை என் கண்ணால் கண்டேன்.

டொனபெடியன் என்ற வைத்தியர் 1966இல் எழுதியது அங்கே பாடமாக வரும். சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்றாலும் பார்க்கச் சொல்வார். நாங்கள் எப்போதும் அமைப்பைத்தான் கேட்போம்: கட்டில் தாங்க, ஆள் தாங்க. கேட்கத்தான் வேணும், ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் செயல்முறையும் எங்கள் கையில் இருக்கிறது.

எழுவான்கரை மிஸ்:
சிஸ்டர், வாசித்து அழுகையே வந்துவிட்டது. எங்கள் புத்தகமும் அலுமாரியில்தான் கிடக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல்நாளே கார்ட் எழுத டொக்டர்மார் எப்படிச் சம்மதித்தார்கள்?

வாட்டுச் சிஸ்டர்:
முதலில் சம்மதிக்கவில்லை மகள். சின்ன டொக்டர்மாருக்கு இரவில் மூச்சு விட நேரமில்லை, அவர்களைக் குறை சொல்லக்கூடாது. பெரிய டொக்டரிடம் அந்த 60 பேரின் பட்டியலை ஊர்ப் பெயரோடு எழுதிக் கொடுத்தேன். ரவுண்டில் நின்றபடியே வாசித்தார். அடுத்த நாளிலிருந்து, "படுவான்கரை ஆர்?" என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

நீங்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு மாதக் கணக்கை எடுங்க. நேர்முகத்தில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பார்கள், அந்தத் தாளைக் காட்டலாம். மாமியிடமும் காட்டுங்க.