பாம்புக்கடி: கூட இருக்கிறவங்க எடுக்கிற முடிவு

அணைக்கட்டுக்காரன்:
எங்க ஊர் பால் சொசைட்டி சுவத்துல பாம்புக்கடி பத்தி ஒரு தாள் ஒட்டப் போறோம். கடிபட்டவர் பயத்துல வாயே திறக்க மாட்டார், சுத்தி நிக்கறவங்கதான் எல்லாத்தையும் முடிவு பண்றாங்க. ஒருத்தர் துண்டால இறுக்கிக் கட்டுன்றார், ஒருத்தர் பிளேடு கொண்டான்றார், இன்னொருத்தர் பச்சிலைக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கினு போன்றார். தாள்ல என்ன எழுதலாம்?

நைட்_டூட்டி:
முதல் வரி, இறுக்கிக் கட்டக் கூடாது. கண்ணாடி விரியன் விஷம் கடிச்ச இடத்துச் சதையை அழிக்கும். இறுக்கினா விஷம் அங்கேயே தேங்கி, ரத்த ஓட்டமும் நின்னு காலே போயிடும். ஆனா யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தா வழியில அவுக்காதீங்க. தேங்கினது ஒரேயடியா ஏறி பிரஷர் விழும், மூச்சும் நிக்கலாம். அதை டாக்டர் பக்கத்துல வெச்சுத்தான் அவுக்கணும்.

பிளேடு வேண்டவே வேண்டாம். கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தம் உறையாது, கீறின இடம் ஒழுகிக்கிட்டே இருக்கும். மோதிரம், மெட்டி, கொலுசு உடனே கழட்டுங்க. நடக்க விடாதீங்க. எலும்பு முறிஞ்ச காலுக்கு வைக்கிற மாதிரி குச்சி வெச்சு, தளர்வாத் துணி சுத்துங்க. கடிச்ச நேரத்தைப் பேனாவால கையிலேயே எழுதிடுங்க. வாந்தி வந்தா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்.

ஒடுகத்தூர்_ரோடு:
108 வர லேட்டாகும்னா பைக்லயே போகலாம். ஓட்டறவருக்கும் பின்னாடி பிடிக்கிறவருக்கும் நடுவுல கடிபட்டவர். அல்லேரி மாதிரி மலை ஊர்னா டோலி கட்டித் தூக்குங்க.

பாம்பைத் தேடி அடிச்சு எடுத்துக்கினு போறதும் வீண் வேலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே விஷமுறிவு ஊசிதான். செத்த பாம்போட தலையும் கடிக்கும்! பக்கத்து ஆஸ்பத்திரியில ஊசி இருந்தா முதல் டோஸை அங்கேயே போட்டுட்டு அடுக்கம்பாறைக்கு, அதாவது வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அணைக்கட்டுக்காரன்:
குழந்தைன்னா பாதி டோஸ்தானே? பத்து வயல், அதாவது பத்து மருந்துக் குப்பின்னு கேட்டதும் வீட்டுல தடுப்பாங்க.

நைட்_டூட்டி:
இல்ல. குழந்தைன்னு பாம்பு விஷத்தைக் குறைச்சு விடாது. பெரியவங்களுக்கு எவ்வளவோ அதே அளவுதான், தொடக்கத்துல பொதுவா 10 வயல். அரிப்பு, தடிப்பு வந்தா ஊசியை நிறுத்தி, அந்த அலர்ஜியை அடக்க அட்ரினலின் மருந்து போட்டுட்டு விஷமுறிவு ஊசியை மறுபடி தொடங்குவாங்க. அதைப் பார்த்து "ஊசி ஒத்துக்கல"ன்னு தூக்கிக்கினு போகாதீங்க.

இன்னொண்ணு, ரத்தம் உறையுதான்னு பார்க்கிற 20 நிமிஷ டெஸ்ட். காய்ஞ்ச கண்ணாடிக் குழாய்ல 2 மில்லி ரத்தம் எடுத்து ஆட்டாம வெச்சு, 20 நிமிஷம் கழிச்சுச் சாய்ச்சுப் பார்ப்பாங்க. பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவின குழாயோ இருந்தா தப்பாக் காட்டும். ரத்தம் உறைஞ்சிருந்தாலும் 24 மணி நேரம் வார்டுல இருக்கணும், விஷம் பிறகும் ஏறலாம். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போறதுதான் பெரிய ஆபத்து.

ஐசியூ_வாசல்:
கட்டுவிரியனைத் தனியா எழுதுங்க. ராத்திரி தரையில படுத்தவங்களைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியக்காலையில வயித்து வலி, அப்புறம் இமை தொங்கும், எச்சில் முழுங்க முடியாது. கேஸ் டிரபிள்னு நெனைச்சு சோடா குடிக்க வெச்சா புரையேறிடும்.

வென்டிலேட்டர்ல போட்ட பிறகு கை கால் அசையாது, கருமணி விரிஞ்சு டார்ச் அடிச்சாலும் சுருங்காது. மூளைச்சாவு மாதிரியே இருக்கும். ஆனா செயலிழந்தது நரம்பும் தசையும் சேர்ற இடம், மூளை இல்ல. உள்ளே அவருக்கு நாம பேசறது கேட்டுக்கிட்டும் இருக்கலாம். சில நாள்ல தானா மூச்சு திரும்பும். "போதும், எடுத்துடுங்க"ன்னு மாமனோ மச்சானோ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "இது கட்டுவிரியனா இருக்குமா?"