ஜோனா லோமு: நோயை ஒதுக்கிவிட்டு அவருடைய ஆட்டத்தை மதிப்பிட முடியுமா?

கேள்வி: இடதுகோடு

நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமு 2015 நவம்பர் 18 அன்று ஆக்லாந்தில் தமது 40-ஆம் வயதில் காலமானார். இத்தனை ஆண்டுகள் கடந்த பின்னும், அந்த நாள் வரும்போதெல்லாம் ரக்பி ரசிகர்கள் அவரை நினைத்து எழுதுவது குறையவில்லை. அவற்றைப் படிக்கையில் இரண்டு வகையான அஞ்சலிகளைத்தான் நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஒன்று, 1995-இல் இங்கிலாந்தின் மைக் கேட் மீது ஏறி ஓடிய அந்த ஒற்றை ட்ரையை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பதை) பகிர்ந்துவிட்டு முடித்துக்கொள்வது. மற்றொன்று, “சிறுநீரக நோய் மட்டும் இல்லாதிருந்தால் எங்கேயோ போயிருப்பாரே” என்று அங்கலாய்ப்பது. இரண்டுமே எனக்கு நெருடலாக இருக்கின்றன. முதலாவது ஒரு நெடிய ஆட்ட வாழ்க்கையைச் சில நொடிகளுக்குள் அடைத்துவிடுகிறது. இரண்டாவது, அவர் ஆடிய ஆட்டத்தை விட்டுவிட்டு ஆடாத ஆட்டத்துக்காக அழுகிறது.

அவர் ஆடிய காலத்தில் நான் அவரைப் பார்த்தவன் அல்லன். ஆகவே, அவரைத் தொடர்ந்து பார்த்தவர்களிடமும் அந்த நோயைப் பற்றி அறிந்தவர்களிடமும் கேட்கிறேன். நோய் அவருடைய ஆட்டத்தை உண்மையில் எவ்வளவு பாதித்தது? அதை ஒதுக்கிவிட்டு அவரை மதிப்பிட முடியுமா, அல்லது அதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டுமா?

பதில் 1: பழைய பார்வையாளர்

தங்கள் நெருடல் நியாயமானதே. எனினும் அந்த ஒற்றை ட்ரையை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம். 1995 ஜூன் 18, கேப் டவுனின் நியூலாண்ட்ஸ் மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. லோமுவுக்கு வந்த பந்து நல்ல பந்தே அல்ல. அவரைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. அவர் திரும்பி அதை எடுத்து, இங்கிலாந்தின் டோனி அண்டர்வுட்டை வெளிப்புறமாகச் சுற்றிக் கடக்கிறார். பின்னாலிருந்து பாய்ந்த வில் கார்லிங் அவருடைய காலைத் தட்டிவிட, லோமு தடுமாறி முன்பக்கம் சாய்கிறார். மைக் கேட்டை இடித்துக்கொண்டு போனது அந்தத் தடுமாற்றத்தில்தான். நிலைகுலைந்த நிலையிலும் வேகத்தை விடாமல் இருந்ததே அந்த ட்ரையின் சிறப்பு. இதைக் கவனிக்காமல் வெறும் முரட்டுப் பலம் என்று சொல்வோர் அந்தக் காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன். அன்று அவர் நான்கு ட்ரை எடுத்தார்; நியூசிலாந்து 45-29 என வென்றது. அப்போது அவருக்கு 20 வயது, உயரம் 1.96 மீட்டர், எடை 120 கிலோவை ஒட்டி இருந்தது. அந்த உடல்வாகு கொண்டவர்கள் அதுவரை இரு அணியினரும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் தள்ளிக்கொண்டிருந்தார்களே ஒழிய, மைதானத்தின் ஓரமான விங்கில் நின்று ஓடியதில்லை.

இப்போது “நோய் மட்டும் இல்லாதிருந்தால்” என்பதற்கு வருகிறேன். நோய் கண்டறியப்பட்டது அந்த உலகக் கோப்பைக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள். 1997-இன் பெரும்பகுதியை அவர் சிகிச்சையில் கழித்தார். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் எழுவர் ரக்பியில் தங்கம் வென்ற நியூசிலாந்து அணியில் அவர் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை எடுத்தார். 1995-இல் எடுத்தது ஏழு என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோயாளி என்று தெரிந்த பிறகுதான் அதிகம் எடுத்திருக்கிறார். இரண்டு தொடர்களிலும் சேர்த்து எடுத்த அந்த 15 ட்ரைகளை, அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2015 உலகக் கோப்பையில்தான் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா எட்டிப் பிடித்தார்.

பலம் மட்டுமல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமென்றால், 2000 ஜூலையில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த டெஸ்டை, அதாவது நாடுகளுக்கிடையிலான ஆட்டத்தை, தேடிப் பாருங்கள். நியூசிலாந்து 24-0 என முன்னேறியிருந்த ஆட்டத்தை ஆஸ்திரேலியா இடைவேளைக்குள் சமன் செய்துவிட்டது. இறுதிக் கட்டத்தில் ஆஸ்திரேலியா 35-34 என ஒரே ஒரு புள்ளி முந்தியிருக்கையில், சக வீரர் டெய்ன் ராண்டெல் கொடுத்த பந்து இடப்புற ஓரத்தில் நின்ற லோமுவிடம் வருகிறது. எதிரே ஸ்டீபன் லார்காம். உள்ளே வெட்டித் திரும்பவும் இடமில்லை. வெளியே ஒரு பாதம் அளவுகூட இடமில்லை. அவரை உதறிவிட்டு, எல்லைக்கோட்டுக்குள்ளேயே விரல் நுனிகளில் அடியெடுத்து வைத்து ஓடி ட்ரை எடுத்தார். 1,09,874 பேர் பார்த்த ஆட்டம் அது, முடிவு 39-35.

மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை. இவ்வளவையும் கண்முன் வைத்துக்கொண்டு “இன்னும் செய்திருப்பாரே” என்று புலம்புவது, விருந்து வைத்தவரிடம் இலையில் இல்லாததைக் கேட்பது போன்றது. அனுதாபத்தால் அவரை அளக்க வேண்டியதில்லை.

பதில் 2: சிறுநீரகப் பிரிவுச் செவிலி

ஆட்ட நுணுக்கம் எனக்கு அதிகம் தெரியாது. நோயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லோமுவுக்கு இருந்தது நெஃப்ராடிக் சிண்ட்ரோம். இதில் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதடைந்து, ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறிவிடும். புரதம் குறைந்தால் நீர் ரத்தக் குழாய்களுக்குள் நிற்காமல் திசுக்களில் தேங்கும், கால்களும் முகமும் வீங்கும், சோர்வு நீங்காது, ரத்தம் உறையும் அபாயமும் கூடும். இதற்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு தருவார்கள். அது உடல் எடையை ஏற்றும், நீண்ட காலம் எடுத்தால் தசையை வலுவிழக்கச் செய்யும். ஆக, நோயும் மருந்தும் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கும் உடலோடுதான் ஒருவர் சர்வதேசப் போட்டிகளில் ஓடியிருக்கிறார்.

2003-இல் நிலைமை மோசமாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. கால் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருந்ததால், விரைவில் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்ற கட்டம் வந்தது. 2004 ஜூலையில் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரியாமா தமது சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். மாற்றுச் சிறுநீரகத்தை வழக்கமாக அடிவயிற்றில் பொருத்துவார்கள். அங்கு விலா எலும்புகளின் பாதுகாப்பு கிடையாது. அதனால் மோதல் உள்ள விளையாட்டுகளுக்குத் திரும்ப மருத்துவர்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. லோமுவோ ஓராண்டுக்குள் ட்விக்கன்ஹாமில் ஒரு காட்சி ஆட்டத்தில் இறங்கி ட்ரையும் எடுத்தார், தோளையும் காயப்படுத்திக்கொண்டார். பிறகு கார்டிஃப் அணிக்கும் ஆடினார். ஒரு செவிலியாக இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 3: மூன்றாம் பாதி

பழைய பார்வையாளர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. அனுதாபம் வேண்டாம் என்பது சரி. ஆனால் நோயை ஒதுக்கி வைத்துவிட்டு மதிப்பிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. முந்தைய பதிலைப் படித்த பிறகு அந்த எட்டு ட்ரைகளை எட்டு என்று மட்டும் எப்படி எண்ணுவது?

ரசிகர்களின் துயரத்திலும் இதைக் காணலாம். ஒரு வீரர் 40 வயதில் இறக்கும்போது, அவர் ஓய்வுபெற்று வெகுநாள் ஆகியிருக்கும். ஆட்டக்காரரை நாம் ஏற்கெனவே வழியனுப்பியிருப்போம். லோமுவுக்கு அந்த வழியனுப்புதல் சரியாக நடக்கவே இல்லை. 2002 நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக ஆடியதுதான் அவருடைய கடைசி டெஸ்ட் என்று அன்று மைதானத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. அடுத்து டயாலிசிஸ், மாற்று அறுவை, மீண்டும் ஆட முயற்சி, மீண்டும் காயம் என்றே ஆண்டுகள் போயின. 2011 உலகக் கோப்பையின் தொடக்க விழாவில் ஈடன் பார்க்கில் தோன்றிய அவர், அத்தொடர் முடியும் முன்பே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; மாற்றுச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. 2015-இலும் டயாலிசிஸைத் தொடர்ந்துகொண்டே உலகக் கோப்பைக்காக இங்கிலாந்து சென்றார். இறுதி ஆட்டம் முடிந்து 18 நாட்களில், ஊர் திரும்பிய கையோடு, இறந்துவிட்டார். இரண்டு சிறு பிள்ளைகளின் தந்தை. நவம்பர் 30 அன்று ஈடன் பார்க்கில் நடந்த பொது அஞ்சலியில் அவருடைய உடலுக்கு முன் ஹாக்கா என்னும் மாவோரி ஆட்டத்தை ஆடியவர்களில் அவர் படித்த வெஸ்லி கல்லூரி மாணவர்களும் இருந்தனர். அவர் நியூலாண்ட்ஸில் ஓடியபோது அவர்களில் பலர் பிறந்திருக்கக்கூட மாட்டார்கள்.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். நியூசிலாந்தின் உள்நாட்டு அணிகளுள் ஒன்றான கவுண்டீஸில் லோமுவுக்கு மறுபக்க விங்கில் ஓடியவர் ஃபிஜியில் பிறந்த ஜோயேலி விதிரி. கோலாலம்பூர் தங்கத்திலும் இருவரும் கூட்டாளிகள். அவருடைய ஆட்ட வாழ்க்கையையும் சிறுநீரக நோய்தான் முடித்துவைத்தது. 2022 பிப்ரவரியில் 48 வயதில் இறந்தார். அவருக்காக நவம்பர்தோறும் யாரும் எழுதுவதில்லை. நோயை ஒதுக்கிவிட்டுப் பேசினால், ஒரே அணியின் இரு விங்குகளுக்கும் நேர்ந்த இந்தக் கதை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வியாளர்: இடதுகோடு

மூவருக்கும் நன்றி. விதிரியைப் பற்றி இன்றுதான் அறிகிறேன். ஒரு துணைக்கேள்வி: 1995 இறுதி ஆட்டத்தில் லோமு ஏன் ட்ரை எடுக்கவில்லை? அதை யாரும் குறிப்பிடவில்லையே.

பதில் 4: பழைய பார்வையாளர்

அவரை எடுக்கவிடவில்லை, அவ்வளவுதான். ஜொகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் ஜூன் 24 அன்று, லோமு பந்தைப் பிடித்த நொடியிலேயே தென்னாப்பிரிக்க வீரர்கள் இரண்டு மூன்று பேராக மொய்த்தனர். வேகமெடுக்க இடம் கொடுத்தால்தானே அவர் லோமு! ஒரே ஒரு முறை இடைவெளி கிடைத்தபோது யூஸ்ட் வான் டர் வெஸ்ட்ஹைசன் தனியாகவே அவருடைய கால்களைப் பிடித்துச் சாய்த்தார். கூடுதல் நேரத்தில் ஜோயெல் ஸ்ட்ரான்ஸ்கியின் டிராப் கோலால் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைத்து எடுக்கும் கோலால்) தென்னாப்பிரிக்கா 15-12 என வென்றது. அந்த நாட்டுக்கு எதிராக டெஸ்ட் போட்டிகளில் லோமு கடைசிவரை ஒரு ட்ரைகூட எடுக்கவில்லை.

அன்று அவரை மறித்தவர்களிலும் பலர் இன்று இல்லை. ரூபன் க்ரூகர் மூளைப் புற்றுநோயால் 2010-இல் 39 வயதிலும், வான் டர் வெஸ்ட்ஹைசன் நரம்பியக்க நோயால் 2017-இல் 45 வயதிலும் இறந்தனர். லோமுவுக்கு நேரெதிர் விங்கில் நின்ற ஜேம்ஸ் ஸ்மாலும், மறுபக்க விங்கில் ஆடிய செஸ்டர் வில்லியம்ஸும் 2019-இல் மாரடைப்பால் அடுத்தடுத்து இறந்தனர். ஒருவருக்கு 50, மற்றவருக்கு 49. மூன்றாம் பாதி அவர்கள் எழுதியதைப் படித்த பின் என் கருத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்கிறேன்: நோயையும் சேர்த்தே பேசுவோம், ஆனால் ஆட்டத்தை முதலில் பேசிவிட்டு. தாங்கள் அந்த இறுதி ஆட்டத்தை முழுவதுமாகப் பார்ப்பது நல்லது. லோமுவிடம் பந்து இல்லாத நேரங்களில் தென்னாப்பிரிக்கத் தற்காப்பு எந்தப் பக்கம் நகர்ந்து நிற்கிறது என்று கவனியுங்கள்.