மெக்கானிக்கல் படிச்சுட்டு ஃபெசிலிட்டில (பில்டிங் மெயின்டெனன்ஸ்ல) இருக்கலாமா, டிசைனுக்கு ஓடலாமா?

ஷிப்ட்பையன்: சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஐடி பார்க்ல மூணு வருஷமா மெக்கானிக்கல் ஷிப்ட் இன்ஜினியர். மணிக்கு ஒருதடவ சில்லர் (பில்டிங் ஏசிக்கு தண்ணிய குளிர வெக்கிற மெஷின்) ரீடிங்க லாக் ஷீட்ல எழுதுறது, "இங்க குளிருது, அங்க வேகுது"ன்னு வர்ற போனுக்கு ஓடுறது, இதான் பொழப்பு. கிண்டில ஒரு எம்இபி (ஏசி, கரண்ட், பிளம்பிங்) டிசைன் ஆபீஸ்ல கூப்பிடுறாங்க, சம்பளம் கொஞ்சம் கம்மி. போலாமா?

டிராயிங்போர்டு: யோசிக்காம கிளம்பு தம்பி. ஹீட் லோட், டக்ட் சைசிங், பைப் சைசிங் கத்துக்கோ. லாக் ஷீட் நிரப்ப நாலு வருஷம் பிஇ எதுக்கு? காண்ட்ராக்ட் வேற கம்பெனிக்கு மாறினா உங்களுக்கு யூனிஃபார்ம் சட்டை மட்டும்தான் மாறும், அதே ஆளு, அதே சம்பளம்.

பிளான்ட்ரூம்வாசி: சட்டை மேட்டர் உண்மை, நானே ஒரே பில்டிங்ல மூணு கலர் போட்டாச்சு. ஆனா லாக் ஷீட்ட நக்கல் பண்ணாதீங்க சார். போன கோடைல கண்டென்சர் அப்ரோச் (கேஸ் கண்டென்ஸ் ஆகுற டெம்பரேச்சருக்கும் வெளிய போற தண்ணிக்கும் உள்ள வித்தியாசம், தம்பிக்கு தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன்) 2 டிகிரில இருந்து மெல்ல மெல்ல 5க்கு ஏறுச்சு, ஓஎம்ஆர்ல நமக்கு டேங்கர் தண்ணிதான், ஹார்ட்னஸ் லாரிக்கு லாரி மாறும், அந்த ஹார்ட்னஸ குறைக்குற சாஃப்ட்னருக்கு உப்பு வாங்குற பில் பாஸ் ஆகாம கிடக்கு, கண்டென்சர் டியூப்ல ஹார்ட் தண்ணியோட உப்பு படிஞ்சு கம்ப்ரஸர் ஆம்ப்ஸ் ஏறுது... ட்ரிப் ஆகுறதுக்கு முன்னாடியே அந்த ஷீட்ட பாத்துதான் புடிச்சோம்.

டிராயிங்போர்டு: அது மெயின்டெனன்ஸ். நாங்க சில்லர்ல இருந்து போற தண்ணி (சப்ளை) 7 டிகிரி, திரும்பி வர்ற தண்ணி (ரிட்டர்ன்) 12னு கணக்கு போட்டு குடுத்த பிளான்ட்ல நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு ரிட்டர்ன் 9ல வருது. ஒரு சில்லர் போதுற லோடுக்கு ரெண்டு ஓடுது, கூடவே ரெண்டு பம்பு. ஏன்? ஏதோ ஒரு மேனேஜர் கத்துனாருன்னு ஏஹெச்யூ (ஆபீஸுக்குள்ள குளிர்காத்து தள்ளுற யூனிட்) தண்ணி வால்வ கைல முழுசா தொறந்துட்டு மூட மறந்துடுறீங்க, தண்ணி சூடேறாமலே திரும்பிடுது.

பிளான்ட்ரூம்வாசி: மறக்கல சார், மூட முடியல!! வால்வு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல, பக்கத்துல கேபிள் ட்ரே, கை நுழையாது. வால்வ திருப்புற ஆக்சுவேட்டர் செத்தா சீலிங்க ஒடைக்கணும். அத அங்க போட்டது நானா?

டிராயிங்போர்டு: டிராயிங்ல ஆக்சஸ் பேனல் இருந்திருக்கும். அழகு கெடும்னு இன்டீரியர்காரன் மூடியிருப்பான்.

பிளான்ட்ரூம்வாசி: ஹேண்டோவர் அன்னிக்கு வந்து டீ குடிச்சீங்கல்ல, அப்படியே தலைய தூக்கி பாத்திருக்கலாமே.

பேஸ்மென்ட்ராஜா: நீங்க சண்டைய போடுங்க. 2023 மிக்ஜாம்ல எங்க பில்டிங் பேஸ்மென்ட்ல தண்ணி இறைக்குற பம்போட பேனலே முழங்கால் உயரத்துல இருந்துச்சு, மொதல்ல முழுகுனது அதான். டிசைன் பண்ணவரு 2015 வெள்ளத்தப்போ எந்த ஊர்ல இருந்தாரோ.

டிராயிங்போர்டு: அது எலக்ட்ரிக்கல் டிராயிங்.

பேஸ்மென்ட்ராஜா: 😂😂

டிராயிங்போர்டு: சரி, ஒத்துக்குறேன். எங்க ஆபீஸ்ல பாதி பேர் ஓடுற சில்லர் பக்கத்துல நின்னதே இல்ல. அதுக்குதான் தம்பிய வரச்சொல்றேன், மூணு வருஷம் ஏணி ஏறினவனுக்கு வால்வ எங்க வெக்கணும்னு தெரியும்.

பிளான்ட்ரூம்வாசி: அப்புறம் ஏன் சம்பளத்த குறைக்கிறீங்க?

ஷிப்ட்பையன்: இப்போதான் பிஎம்எஸ்ல (பில்டிங் மெஷின்கள கண்காணிக்குற கம்ப்யூட்டர்) பாத்தேன், எங்க ரிட்டர்ன் 9.4 ணா. நாலாவது மாடி வால்வு மேலதான் டவுட்டு, ஆபீஸ் காலியானதும் ஏணியோட போறேன். டிராயிங்போர்டு சார், அந்த சம்பளக் கேள்விக்கு பதில் சொல்லுங்க.