சூவலா சேஸா: 2021 டிராஃப்ட் இரவு

2021 ஏப்ரல் 29. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கிற டிராஃப்ட் இரவு. சின்சினாட்டியில் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். ஸ்பகெட்டி மேல் பட்டை மணக்கும் கறிக்குழம்பு மாதிரி ஒன்றை ஊற்றி, அதன் மேல் துருவிய சீஸைக் குன்றாகக் குவிக்கிற இந்த ஊர்ச் சாப்பாடு (முதல் வாய் பிடிக்காது, அப்புறம் விடமாட்டோம்). ஆறு பேர், இரண்டு கட்சி. ஐந்தாவது தேர்வு எங்கள் ஊர் அணி பெங்கல்ஸுடையது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் லைன்மேன் (எதிராளிகளைத் தடுத்து நிறுத்துகிறவர்) பெனே சூவலா, லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யூ) ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்) ஜமார் சேஸா?

நான் சூவல் கட்சி. முந்தைய நவம்பரில்தான் பந்தை எறிகிற எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் இடது முழங்கால் போயிருந்தது. பத்தே ஆட்டத்தில் 32 முறை சாக் ஆனவர், அதாவது எறிவதற்குள் வீழ்த்தப்பட்டவர். 2019இல் கல்லூரி லைன்மேன்களுக்கான அவுட்லாண்ட் விருது வாங்கிய சூவல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பந்து பிடிக்க ஆள் தேடுவது, கூரை ஒழுகுகிற வீட்டில் சுவருக்கு வண்ணம் அடிக்கிற வேலை என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் அசரவே இல்லை. ரிசீவர் சட்டென்று ஆளைக் கழற்றிவிட்டு ஓடினால் பர்ரோ பந்தை வைத்துக்கொண்டு நிற்கவே வேண்டாமே, அப்புறம் யார் வந்து அடிப்பது என்றார். 2019 சீசனில் பர்ரோவும் சேஸும் எல்எஸ்யூவில் ஒரே அணியில் ஆடித் தேசியப் பட்டம் ஜெயித்ததை வேறு நாலு தடவை சொன்னார். சேஸ் பெயரைப் படித்ததும் நான் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

சரி, சேஸ் முதல் வருடமே 1,455 யார்டு, 13 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்). வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பர்ரோ அந்த சீசனில் 51 முறை சாக் ஆனார், அதற்குப் பிறகு நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃபில் டென்னஸிக்கு எதிராக மட்டும் 9 முறை, அதையும் 19-16 என்று எப்படியோ ஜெயித்தோம். லீக் இறுதியான சூப்பர் பௌலில் ராம்ஸ் அணிக்காரர்கள் 7 முறை சாய்த்தார்கள். கடைசி நிமிடம், நான்காவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் கடைசி), ஒரே ஒரு யார்டு வேண்டும். ராம்ஸின் ஆரோன் டொனால்ட் உள்ளே புகுந்து பர்ரோவைப் பிடித்துச் சுழற்றுகிறார், பந்து தரையில். 23-20 ராம்ஸுக்கு, முடிந்தது. மறுநாள் வீடியோவைப் பார்த்தால், அதே நொடியில் சேஸ் தன்னைக் காத்து நின்ற ஜேலன் ராம்ஸியைத் தாண்டித் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். எறியத்தான் நேரமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், பதிலே வரவில்லை.

—

பதில் எழுதுகிற நாங்கள் டெட்ராய்ட் பக்கம். நீங்கள் விட்ட சூவல் ஏழாவதாக எங்களிடம் வந்தபோது எங்கள் அணியான லயன்ஸின் அறையில் மேலாளர்கள் துள்ளிக் குதித்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லைன்மேனுக்கா இவ்வளவு என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. 2022 டிசம்பரில் வைக்கிங்ஸ் அணியுடன் ஆடிய ஆட்டம் வரைக்கும். மூன்றாவது டவுன், ஏழு யார்டு தேவை, பந்து யாருக்கு என்று பார்த்தால் இவருக்கு! சுமார் 150 கிலோ மனிதர் பந்தைப் பிடித்து 9 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்து வைத்தார். 2024இல் நாலு வருட ஒப்பந்தம், 112 மில்லியன் டாலர். சிரிப்பு நின்றுவிட்டது.

—

நானும் ஒன்று சொல்கிறேன். என் பையன் ஹைஸ்கூல் அணியில் கார்டு, அவனும் லைன்மேன்தான். இரண்டு வருடமாகப் போய் உட்கார்கிறேன், ஒலிபெருக்கியில் அவன் எண்ணைச் சொன்னது மூன்று தடவை, மூன்றும் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுத்த) பெனால்டி. "நம்ம பையன் இன்னைக்கு ஆடினானா?" என்று என் மனைவி கேட்பாள், அவள் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது நாங்கள் இருவரும் பந்தைப் பார்ப்பதே இல்லை, ஸ்கோர் என்னவென்று அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

—

முதலில் எழுதியவன்தான். 2024இல் சேஸ் 1,708 யார்டு, 17 டச்டவுன், லீகிலேயே முதலிடம். நாங்கள் ப்ளேஆஃப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என்னை டிராஃப்ட் பார்க்கக் கூப்பிடுகிறார், அந்த நான்காவது டவுனை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.